சாரா பார்ட்மன் சொன்ன ‘மாட்டேன்’

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், ஆப்பிரிக்க மனிதர்களை மேடையேற்றிக் காட்டிக் காசு பார்ப்பது ஒரு தொழில். அதில் சிக்கியவர்களில் உலகம் அதிகம் அறிந்த பெயர் சாரா பார்ட்மன். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனப் பெண். கேப் டவுனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அவரை, முதலாளி ஹென்ட்ரிக் சீசர்ஸும் மருத்துவர் அலெக்சாண்டர் டன்லப்பும் 1810இல் லண்டனுக்கு அழைத்து வந்தார்கள்.

பிக்காடிலி தெருவில் காட்சி. உடம்போடு ஒட்டிய தோல் நிற ஆடை. ‘ஹாட்டன்டாட் வீனஸ்’ என்று விளம்பரம். முன்சொல், கொய்கொய் மக்களுக்கு வெள்ளையர் வைத்த இழிபெயர். பின்சொல், ரோமானியரின் காதல் தெய்வம். இரண்டையும் ஒட்டவைத்ததே கேலிதான். அவருடைய பெரிய பின்புறத்தைப் பார்க்கவே கூட்டம் வந்தது. கிள்ளிப் பார்த்தவர்கள் உண்டு. கைத்தடியால் குத்திப் பார்த்தவர்களும் உண்டு.

பிரிட்டன் 1807லேயே அடிமை வணிகத்தைத் தடை செய்திருந்தது. ஆகவே அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். விருப்பப்பட்டு வந்தாரா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. டச்சு மொழியில் விசாரித்தபோது சாரா, ஆம் என்றார்; லாபத்தில் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வழக்கு தள்ளுபடியானது. ஊர் கடலுக்கு அப்பால். சோறு முதலாளி கையில். அப்படி ஒரு நிலையில் வரும் ‘ஆம்’ எவ்வளவு பெறும் என்று யாரும் எடைபோடவில்லை.

1814இல் பாரிஸ். அங்கே அவரைக் காட்டியவர் விலங்குகளைப் பழக்கும் ஒருவர். மறு ஆண்டு ஜார்ஜ் கூவியே உள்ளிட்ட விஞ்ஞானிகள் அவரை ஆடையின்றி ஆராய விரும்பினார்கள். இடுப்புத் துணியை மட்டும் அவிழ்க்க மாட்டேன் என்று சாரா கடைசிவரை மறுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். கூவியே உடலை அறுத்தார். மூளையும் பிறப்புறுப்பும் கண்ணாடிக் குடுவைகளுக்குள் போயின.

அவருடைய ‘ஆம்’ உடனே செல்லுபடியானது. ‘மாட்டேன்’ உயிர் இருக்கும்வரைதான் செல்லுபடியானது.

உயிரோடு காட்சிப்பொருளாக இருந்தது ஐந்து ஆண்டு. எலும்புக்கூடும் உடல் வார்ப்பும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் 1970கள் வரை பார்வைக்கு இருந்தன. நெல்சன் மண்டேலா 1994இல் அவற்றைத் திருப்பிக் கேட்டார். பிரான்ஸ் 2002இல் தனிச் சட்டம் இயற்றித் திருப்பித் தந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்காவின் மகளிர் தினத்தன்று, ஹாங்கி என்ற ஊரில் சாராவை அடக்கம் செய்தார்கள்.