உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்கு மசியாத உண்ணி

பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தை இழுப்பவை காளைகள். 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த ரதம் அது. கூட்டம் கொம்பின் அலங்காரத்தைப் பார்க்கும். மாடு வளர்ப்பவரின் கண்ணோ காதின் உள்மடலுக்கும் அலைதாடிக்கும் வாலடிக்கும் போகும். உண்ணி ஒண்டுகிற இடங்கள் அவை.

*

உண்ணியும் கப்பலேறியதுதான். 1872-இல் படேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, டார்வினில் இறக்கிய மாடுகளோடு ஆசிய மாட்டுண்ணி ஆஸ்திரேலியாவுக்குள் புகுந்தது. குவீன்ஸ்லாந்து வரை பரவியதும், ஆர்சனிக் கரைத்த தொட்டிகளில் மாடுகளை முக்கியெடுத்தார்கள். 1930களில் ஆர்சனிக்கில் சாகாத உண்ணி தலைகாட்டியது. பிறகு டிடிடி வந்தது. 1950களிலேயே அதுவும் தோற்றது. அடுத்து வந்த ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் கதையும் 1960களில் அப்படியே. புது மருந்து வருவதும் உண்ணி அதைத் தாண்டுவதும் இன்றுவரை ஓயவில்லை.

*

மருந்து அடித்து அடித்து உண்ணிக்குப் பழகிவிட்டது என்பார்கள். அப்படியல்ல. ஒரு பெண் உண்ணி இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இடும். அத்தனை குஞ்சுகளில் ஒன்றிரண்டு பிறவியிலேயே மரபணு மாறியவையாக இருக்கலாம். மருந்து மற்றவற்றைக் கொன்று இவற்றுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. அடுத்த தலைமுறை இவற்றின் வாரிசு. மாட்டுண்ணி குஞ்சாக ஏறியதிலிருந்து வயிறு புடைத்து விழும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் ஒரே மாட்டின் மேல்தான் இருக்கும். ஆகவே உடம்பில் உள்ள எல்லாப் பருவத்து உண்ணியும் மருந்தில் நனைகிறது, இந்தச் சலித்தெடுப்பு வேகமாக நடக்கிறது.

*

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் எப்படிக் கொல்கின்றன? நரம்பில் சோடியம் நுழையும் ஒரு கதவு உண்டு. மருந்து அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்ள, நரம்பு ஓயாமல் துடித்து உயிர் போகும். கதவுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போகலாம். வேறு சில உண்ணிகளுக்கு மருந்தையே சிதைத்துவிடும் நொதிகள் உடம்பில் மிகுந்திருக்கும்.

*

இதே கதவுதான் கொசுவுக்கும். கொசுவர்த்திச் சுருளில் இருப்பதும் பைரித்ராய்டுதான். டிங்கிக் காய்ச்சல் பற்றிய மலாயாவின் முதல் பதிவு 1902-இல் பினாங்கிலிருந்து வந்தது. மலாயாவில் இரத்தக்கசிவு டிங்கி முதலில் தெரிந்ததும் 1962-இல் பினாங்கில்தான். இன்று டிங்கியைப் பரப்பும் மலேசிய ஏடிஸ் கொசுக்களிலும் அந்தக் கதவின் மரபணு மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். புகையடித்த பின்னும் கொசு பறந்தால் புகையடித்தவரை மட்டும் திட்டாதீர்கள்!

*

உண்ணியை ஒடுக்க மருந்தே இல்லாமலும் ஒரு வழி உண்டு. 1990களில் ஆஸ்திரேலியாவும் கியூபாவும் மாட்டுக்கு ஒரு தடுப்பூசி கொண்டுவந்தன. ஊசி போட்ட மாட்டின் இரத்தத்தைக் குடித்தால் உண்ணியின் குடல் புண்ணாகும், முட்டை குறையும். உடனே சாகாது என்பதால் பொறுமையில்லாதவர்களுக்கு இது பிடிக்கவில்லை.

*

மருந்து பலிக்குமா என்று முன்கூட்டியே பார்க்கலாம். மருந்தில் நனைத்து உலர்த்திய தாளை மடித்து, உள்ளே உண்ணிக் குஞ்சுகளை விட்டு, 24 மணி நேரம் கழித்துப் பிரித்து உயிரோடிருப்பவற்றை எண்ணுவார்கள். ஆனால் பலரும் செய்வது, மருந்து பலிக்கவில்லையென்றால் அதையே இன்னொரு முறை அடிப்பது.