அரிசிக் கப்பல் நின்றபோது

ஒரு சமுதாயம் நிலைகுலைந்துபோனால் உயிரோடு இருக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆங்கிலப் படங்கள்தான். இடிந்துபோன நகரம், ஆள் அரவமற்ற சாலை, தோளில் துப்பாக்கியுடன் தனியே நடந்து போகும் கதாநாயகன். ஆனால் இதற்கு விடை தேட மலேசியத் தமிழர்களோ சிங்கப்பூர்த் தமிழர்களோ திரையரங்குக்குப் போக வேண்டியதில்லை. நம் தாத்தா பாட்டிமார் மூன்றரை ஆண்டுகள் அப்படியொரு வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தவர்கள். 'ஜப்பான்காரன் காலம்' என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு பெரிய பாடப்புத்தகமே அடங்கியிருக்கிறது. அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பாடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி அதிகக் காலம் இல்லை.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபது நாட்களில் ஓர் ஆட்சி கவிழ்ந்தது. ஆனால் மக்களை வாட்டியது ஆட்சி கவிழ்ந்தது மட்டுமல்ல. மலாயா அன்று தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைத்து உண்ட நாடு. ரப்பரையும் ஈயத்தையும் விற்று அரிசி வாங்குவதே அதன் பொருளாதாரம். போர் வந்ததும் ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசியைக் கொண்டுவரக் கப்பலில்லை. நாளொன்றுக்கு முந்நூறு மரங்களுக்கு மேல் பால் வெட்டத் தெரிந்த ஒரு தோட்டத் தொழிலாளியின் கைத்திறன் ஒரே மாதத்தில் செல்லாக்காசாகிவிட்டது. திறமை அவனிடம் அப்படியேதான் இருந்தது. அதற்கு விலை கொடுக்கும் உலகம்தான் காணாமல் போயிருந்தது.

போரின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் பங்கீட்டு அரிசி ஆணுக்கு மாதம் 8 கட்டி, பெண்ணுக்கு 6 கட்டி, பிள்ளைகளுக்கு 4 கட்டி என்று சுருங்கியது. ஒரு கட்டி என்பது ஏறத்தாழ 600 கிராம். அதாவது வளர்ந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 160 கிராம் அரிசி, அதுவும் கிடைத்தால். மீதி வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்கு.

மரவள்ளி காப்பாற்றியது, மரவள்ளியே கெடுத்தது

மரவள்ளியை யாரும் நட்டுவிடலாம் என்பது உண்மைதான். முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும். உரமில்லாத மண்ணிலும் வளரும். எட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கிழங்கு விளைந்துவிடும். தோண்டி எடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும் என்பதால், தேவைப்படும்போது தோண்டிக்கொண்டு மற்றதை மண்ணிலேயே விட்டுவைப்பார்கள். மண்தான் அதற்குக் களஞ்சியம்.

ஆனால் எட்டு மாதம் வரை வயிறு காத்திருக்குமா? அங்கேதான் அனுபவசாலிகளின் சாமர்த்தியம் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் விளையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும், சில வாரங்களில் பறிக்கக்கூடிய காங்கோங், பசலை போன்ற கீரைகளையும் முதலில் போட்டு, அதன் பிறகு மரவள்ளியை நம்புவதே முறை. கிழங்கு விளையும் முன் கையிருப்பு தீர்ந்துவிட்டால் நட்டும் பயனில்லை.

மரவள்ளியில் நஞ்சு இருக்கிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. கிழங்கை நறுக்கும்போதும் மெல்லும்போதும் சயனைடு வெளிப்படும் பொருள் அதில் உள்ளது. கசப்பு வகையில் இது மிகுதி. எனவே வெளித்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் நீக்கி, துண்டுகளாக்கி, நீரில் ஊறவைத்து, மூடியில்லாத பானையில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். நம் பாட்டிமார் இதை விஞ்ஞானம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூடாமல் வேகவைத்தால் நஞ்சு ஆவியாகப் போய்விடும் என்று இன்று சொல்லப்படும் விளக்கம் அவர்களின் வழக்கத்துக்குப் பிறகு வந்ததுதான். காட்டில் கிடைக்கும் 'காடோங்' கிழங்கின் கதை இன்னும் கடுமை. அதை மெல்லிய வில்லைகளாகச் சீவி ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைக்கும் பக்குவம் ஓராங் அஸ்லி மக்களுக்குத் தெரியும். பக்குவம் தெரியாதவர் பசியில் அவித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து.

இனி இரண்டாவது ஆபத்து. மரவள்ளி வயிற்றை நிரப்புமே தவிர உடலை வளர்க்காது. அதில் புரதம் மிகக் குறைவு. பி1 என்னும் உயிர்ச்சத்தும் போதாது. அதனால் கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்றுபோகும் பெரிபெரி நோய் பரவியது. இதில் வேதனை என்னவென்றால், இந்த நோய்க்கான விடை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே மலாயாவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது! தீட்டிய சயாம் அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்ததை மருத்துவர் பிராடன் கவனித்தார். 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சயாம் அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்து அதை உறுதி செய்தார். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தமிழ்ப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை ஓர் உயிர்காக்கும் தொழில்நுட்பம் என்பதை உலகம் இங்கிருந்துதான் தெரிந்துகொண்டது. அரிசியே இல்லாத காலத்தில் அந்தச் சத்து தவிட்டிலும் பயற்றிலும் நிலக்கடலையிலும் இருக்கிறது என்று அறிந்திருந்தவர்கள் பாக்கியசாலிகள்.

கொதித்த நீரும் கொதிக்காத நீரும்

பசியைவிட விரைவாக ஆளைக் கொல்வது நீர். இதற்கு சயாம் மரண ரயில்பாதையைவிடக் கொடிய சான்று நம் வரலாற்றில் இல்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் போடப்பட்டது. மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். நல்ல கூலி, அரிசி, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டப்பட்டது. பிறகு வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். லயத்தில் அடுப்பெரிய வழியில்லாத குடும்பம் அந்த வார்த்தையை நம்பி ரயிலேறியதில் வியப்பேதும் இல்லை.

1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் முகாம்களில் காலரா புகுந்தது. அதே ஆற்றங்கரை, அதே மழை, அதே கொடுங்கோன்மை. ஆனால் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார் என்றால், மலாயாத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்ததாகப் போருக்குப் பிந்திய கணக்குகள் காட்டுகின்றன. உண்மை நிலை அதைவிட மோசம் என்று கருதுவோரும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

போர்க்கைதிகளிடம் தங்கள் மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது. கொதிக்காத நீரைக் குடிக்கக்கூடாது, சாப்பிடும் முன் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும், மலக்குழியை மூடிவைக்க வேண்டும் என்று உத்தரவிட ஆள் இருந்தது. மருத்துவர்கள் கொதித்த நீரில் உப்பைக் கரைத்து, மூங்கிலைக் குழாயாகச் சீவி, நோயாளியின் நரம்பில் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். தமிழர் முகாம்களில் மருத்துவர் அநேகமாக இல்லை, நீர் காய்ச்சப் பாத்திரம்கூடப் பல இடங்களில் இல்லை. ஒன்று சேர்த்து வழிநடத்துபவரும் இல்லை. அவர்களுடைய அறியாமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது பெரும் அநியாயம். குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய்க் கைவிடப்பட்ட மக்கள் அவர்கள்.

காலரா கண்டவர் இறப்பது பெரும்பாலும் உடலில் உள்ள நீரும் உப்பும் வடிந்துபோவதால்தான். அதை வாய் வழியாகவே ஈடுகட்டலாம் என்பது 1960களின் பிற்பகுதியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. 1971ஆம் ஆண்டு வங்காள தேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலநோபிஸ் அதை வாளி வாளியாகக் கரைத்துக் கொடுத்தபோது, முப்பது விழுக்காடு வரை இருந்த சாவு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. செய்முறை இதுதான்: ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பு கூடிவிட்டால் குழந்தைகளுக்குக் கேடு. இதைச் சிறிது சிறிதாக, வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மருந்துக்கடையும் திறந்திருக்க வேண்டியதில்லை.

நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமி சாகும். விறகு இல்லையா? மணமும் நிறமும் சேர்க்காத, 5 அல்லது 6 விழுக்காடு வீரியமுள்ள குளோரின் வெளுப்பான் இருந்தால் தெளிந்த நீருக்கு லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரைமணி நேரம் வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் பழைய பருத்திச் சேலை இருக்கிறதல்லவா? வங்காள தேசக் கிராமங்களில் பழைய சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து ஆற்றுநீரை வடிகட்டிக் குடித்த வீடுகளில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள் துணியில் தங்கிவிடுவதே காரணம். புதுச்சேலையைவிட நைந்த சேலையே மேல். துவைக்கத் துவைக்க இழை தளர்ந்து இடைவெளி அடைபட்டுவிடுகிறது.

கையிலிருந்ததைக் கொண்டு

மற்ற தேவைகளுக்கு அன்றைய மக்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு வழி செய்தார்கள். மண்ணெண்ணெய் இல்லாதபோது தேங்காயெண்ணெய் விளக்கு எரிந்தது. தேங்காய் மட்டையை எரித்த சாம்பலில் ஊறிய காரநீரை எண்ணெயோடு காய்ச்சினால் குழைவான சவர்க்காரம் கிடைக்கும். அந்தக் காரநீர் கையையும் கண்ணையும் பொசுக்கிவிடும் என்பதால் கவனம் தேவை. கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். ஒரு லிட்டரில் 35 கிராம்தான் கிடைக்கும், அதற்கு எரியும் விறகுதான் அதிகம். ரப்பரையே காய்ச்சி வடித்து லோரிக்கு எரிபொருள் செய்தார்கள். துணியில்லாமல் சாக்கை உடுத்தினார்கள்.

பணத்தின் கதை தனி. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிட்டிருந்ததால் மக்கள் அதை வாழைமர நோட்டு என்றே அழைத்தார்கள். அச்சடித்துக்கொண்டே இருந்ததில் மதிப்பு சரிந்து, 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் வெறும் காகிதமாயிற்று. உப்பு, துணி, கொய்னா, முட்டை ஆகியவையே உண்மையான நாணயங்கள். முடிதிருத்துபவர், தையல்காரர், மருத்துவச்சி போன்றோர் கையில் காசில்லாமலே கிழங்கும் மீனும் பெற்றார்கள்.

கூட்டாக வாழ்ந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. உணவுப் பஞ்சத்தைக் குறைக்க ஜப்பானியர் சிங்கப்பூர் மக்களைக் காட்டை அழித்துப் பயிரிட அனுப்பினார்கள். சீனர்கள் சென்ற எண்டாவ் குடியேற்றம் ஓரளவு தாக்குப்பிடித்தது. கத்தோலிக்கர்களும் யுரேசியர்களும் சென்ற பகாவ் மலேரியாவால் சுடுகாடாயிற்று. அங்கே போனவர்களில் பலர் மண்வெட்டி பிடித்தே பழகாத அலுவலகக்காரர்கள். அவர்களுடன் சென்ற ஆயர் அட்ரியன் டெவால்ஸ் மண்வெட்டியால் காலில் பட்ட காயம் முற்றி 1945 சனவரியில் காலமானார். கொசுவைப் பற்றிய பாடமும் இந்த மண்ணில் புதிதல்ல. 1901லேயே கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை ஒடுக்கிக் காட்டியிருந்தார். மலைப்பகுதியில் காட்டை வெட்டி ஓடையில் வெயில் பட விட்டால் வேறொரு வகைக் கொசு பெருகும் என்பதையும் அவரே பின்னர் விளக்கினார். ஊர் அமைக்கும் முன் எந்த நீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் அன்று நூறு மண்வெட்டிகளுக்குச் சமம்.

இதெல்லாம் எண்பது ஆண்டுக்கு முந்திய கதை என்று சிலர் சொல்லக்கூடும். 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்திலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்திலும் மாடியில் சிக்கிக்கொண்டவர்களுக்கு முதலில் தீர்ந்தது குடிநீர்தான். சுற்றிலும் நீர், குடிக்க நீரில்லை. 2023இல் இந்தியா வெள்ளையரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்த சமயத்தில் மலேசியக் கடைகளில் உள்நாட்டு அரிசி கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். சிங்கப்பூர் இன்றும் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வாங்குகிறது.

அடுக்குமாடி வீட்டில் மரவள்ளி நட முடியாதுதான். ஆனால் தலைக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் மூன்று நாளுக்கான குடிநீரை மூடிய கலத்தில் வைக்க முடியும். வாரம் ஒரு கிலோ பயறு கூடுதலாக வாங்கிப் பழையதை முதலில் சமைத்துப் புதியதைப் பின்னால் வைக்க முடியும். உப்பு சர்க்கரை நீரின் அளவைச் சமையலறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டலாம். பக்கத்து வீட்டில் தாதியர் யார், மின்வேலை தெரிந்தவர் யார், படியிறங்க முடியாத முதியவர் யார் என்று விசாரித்து வைக்கலாம். வீட்டில் தொண்ணூறு வயதுப் பாட்டி இருந்தால், அந்தக் காலத்தில் என்ன சமைத்தீர்கள் என்று இந்த வார விடுமுறையிலேயே கேட்கலாம்.