முதியோர் இல்லத்துக்குள் யார் போய்க் கேட்பது?

திருவானைக்கோவிலைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தால், முதியோர் இல்ல விளம்பரங்கள் கண்ணில் படாமல் போகாது. சைவச் சாப்பாடு, 24 மணி நேரமும் நர்ஸ், கோயிலுக்கு நடந்து போகும் தூரம் என்று எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, அரங்கன் காலடியில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்ற ஆசையில் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் இங்கே வந்து சேர்கிறவர்கள் ஏராளம். உள்ளூர்க்காரர்களும் உண்டு. பிள்ளைகள் நியூ ஜெர்சியிலும் சிட்னியிலும் இருக்க, சித்திரை வீதி வீட்டை விற்றுவிட்டு ஓர் அறையில் ஒடுங்கிக்கொண்டவர்கள். வசதியில்லாதவர்களுக்குத் தொண்டு நிறுவனங்களின் இல்லங்கள் திருச்சியிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன.

இவர்களில் ஒருவரை அங்கே யாராவது அடித்தால், பட்டினி போட்டால், பென்ஷன் பணத்தை எடுத்துக்கொண்டால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? படுக்கையில் கிடப்பவரால் எங்கேயும் போக முடியாது. ஆகவே யார் வந்து கேட்பார்கள் என்பதுதான் சரியான கேள்வி. இல்லம் இல்லமாகப் போய், கட்டிலருகே உட்கார்ந்து, அந்த முதியவர் சார்பில் மட்டும் பேசும் ஒருவரை நம் சட்டம் இன்றுவரை ஏற்படுத்தவில்லை. அவருக்கென்று பட்ஜெட்டில் ஒரு ரூபாய் ஒதுக்கீடும் இல்லை.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழக அரசு 2009-ல் விதிகளை வகுத்தது. கைவிடப்பட்ட பெற்றோர் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை கைவிட்டால் 23-வது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம். ஊர்மிளா தீட்சித் வழக்கில் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று தெளிவுபடுத்தியது. நல்ல தீர்ப்பு. ஆனால் இவ்வளவும் பிள்ளைகளையும் வாரிசுகளையும் பார்த்துப் பேசுகிற சட்டம். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இல்லத்தின் நிர்வாகி கொடுமை செய்தால், அந்தத் தீர்ப்பாயத்தில் அதற்கு வழியில்லை. தனியார் இல்லங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்றுகூட 2007 சட்டம் சொல்லவில்லை. அதைச் சேர்க்க 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. நிறைவேறாமலே 2024-ல் அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது.

இந்த ஊரில் ஓர் இல்லத்தில் இருந்த, எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த மாமி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். அறை சுத்தமாக இருந்தது. சுவரில் ரங்கநாதர் படம், கட்டிலுக்கடியில் புது பெட்பேன். பொறுப்பிலிருந்த அம்மா எங்களுடனேயே நின்றுகொண்டிருந்தார்.

“நன்னா இருக்கேன்டா. எல்லாரும் நன்னா பாத்துக்கறா” என்றார் மாமி.

வெளியே போன் அடித்து அந்த அம்மா நகர்ந்ததும், என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்: “சாயங்காலம் ஆறு மணிக்கப்புறம் தண்ணி குடுக்க மாட்டேங்கறா. ராத்திரி துணி மாத்தணுமேன்னு. நாக்கு ஒட்டிக்கறது.”

“நான் கேக்கறேன் மாமி.”

“ஐயையோ, நீ ஒண்ணும் கேக்காதே. நீ போயிடுவே. நான்தானே இங்க இருக்கணும்.”

புகார்ப் பெட்டி அந்த இல்லத்திலும் இருந்தது. அலுவலக அறையில், மேனேஜர் மேசைக்கு நேர் எதிரே. அதில் ஒரு சீட்டைப் போட மாமி முதலில் எழுந்து நடக்க வேண்டும், பேனா கேட்டு வாங்க வேண்டும், அவர் பார்க்கும்போதே போட வேண்டும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. ஆதரவின்றித் தெருவில் கிடப்பவர்களை மீட்பதில் அதன் களப்பணியாளர்கள் செய்வது பெரிய காரியம். ஆனால் யாராவது கூப்பிட்டால்தான் அவர்கள் வர முடியும். கைபேசி அலுவலகத்தில் வாங்கி வைக்கப்பட்டிருக்கும் ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்?

ஆண்டுதோறும் பென்ஷன்தாரர்கள் ஜீவன் பிரமாண் உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். வெளியே போக முடியாதவர்களிடம் தபால்காரரே கருவியோடு வந்து விரல் ரேகை எடுத்துக்கொள்கிறார். அருமையான ஏற்பாடு. கட்டில் வரைக்கும் ஓர் அரசு ஆளை அனுப்ப நம்மால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் திருப்பூரைச் சேர்ந்த ஒரு முதியவர் சேர்க்கப்பட்டிருந்தார். உறவினர்கள் பார்க்க வந்தபோது அவர் அங்கே இல்லை. பெங்களூரில் வேறு இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கேயும் அவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அதன் பிறகுதான், 2023 பிப்ரவரியில், அதிகாரிகள் உள்ளே போனார்கள். முதியவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் என 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடி உதை, பாலியல் வன்கொடுமை, பலர் காணாமல் போனது என்று புகார்கள் வெளிவந்தன. உரிய உரிமம் இல்லாமல் பல ஆண்டுகள் நடந்த இல்லம் அது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பு, 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் கருணை இல்லத்தின் வேன் ஒன்றைச் சாலையில் மக்கள் மடக்கினார்கள். உள்ளே காய்கறி மூட்டைகள், ஒரு சடலம், கூடவே உயிரோடு ஒரு மூதாட்டி. அவர் போட்ட கூச்சலால்தான் வேன் நின்றது. இல்ல நிர்வாகம் தன் மீதான புகார்களை மறுத்தது. விசாரணை நடந்தது, அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த வழக்கின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. என்னை உறுத்துவது வேறு. ஓர் இடத்தில் தேடிக்கொண்டு உயர் நீதிமன்றம் வரை போகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இன்னோர் இடத்தில் ஒரு கிழவிக்குக் கத்துவதற்குத் தெம்பு இருந்தது. இந்த இரண்டும் இல்லாதவர்கள் இருக்கும் கதவுகளை யார் திறந்து பார்க்கிறார்கள்?

கணக்கெடுப்புகளும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை. 2017-18-ல் நாடு முழுவதும் நடந்த ‘லாசி’ முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 5 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அது வீடுகளில் எடுத்த ஆய்வு; இல்லவாசிகள் அதில் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் தொகுத்த பன்னாட்டு ஆய்வுகளின்படி, முதியோர் பராமரிப்பு நிலையங்களின் ஊழியர்களில் 3-ல் 2 பேர் முந்தைய ஓராண்டில் தாங்களே ஏதோ ஒரு விதத்தில் கொடுமை இழைத்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் முதியோர் பங்கு 2021-ல் 13.6 சதவீதம் என்றும் 2031-ல் 18.2 சதவீதமாகும் என்றும் மத்திய அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். இல்லங்கள் பெருகத்தான் போகின்றன.

குழந்தைகள் இல்லங்களில் கொடுமைகள் அம்பலமானபோது நாடு சும்மா இருக்கவில்லை. இளஞ்சிறார் நீதிச் சட்டம் குழந்தைகள் நலக் குழுவையும் ஆய்வுக் குழுக்களையும் ஏற்படுத்தியது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-ல் தமிழகம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலிப் புகாரை விசாரிக்க மாவட்டந்தோறும் குறைதீர்ப்பாளரை வைத்து மதிப்பூதியம் கொடுத்தார்கள். சிறைகளில் சட்ட உதவி மையம் இருக்கிறது. வழக்கறிஞரும் சட்டத் தன்னார்வலரும் அரசு மதிப்பூதியத்தில் கைதியைப் பார்த்துப் பேசுகிறார்கள். கைதிக்கு அந்த உதவி கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எந்தக் குற்றமும் செய்யாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் அது வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

முதியோர் இல்லங்களுக்குள் இப்படி ஆள் அனுப்பும் வேலையை அமெரிக்கா 1972-ல் 5 மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கியது. நர்சிங் ஹோம்களில் நடந்த அலட்சியமும் கொடுமையும் அங்கே பெரிய விவாதமாகியிருந்த நேரம். 1978-ல் முதியோர் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மாநிலமும் நீண்டகாலப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளரை வைத்தே தீர வேண்டும் என்றார்கள். பணம் மத்திய அரசின் நிதியிலிருந்தும் மாநிலங்களிடமிருந்தும் வருகிறது. சம்பளம் வாங்குவோர் சிலர். பயிற்சி பெற்று, சம்பளமில்லாமல் இல்லங்களுக்குப் போய்வரும் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில். முக்கியமானது அவர்களுக்குள்ள அதிகாரம். இல்லத்துக்குள் நுழைவதை நிர்வாகம் தடுக்க முடியாது. முதியவரோடு தனியாகப் பேசலாம். அவர் சம்மதிக்காமல் அவர் பெயரையோ புகாரையோ வெளியே சொல்லக் கூடாது. புகார் செய்தவரைப் பழிவாங்கினால் அதுவும் குற்றம். மாமி பயந்த பயத்துக்கு அந்தச் சட்டம் நேராகப் பதில் சொல்கிறது. ஆஸ்திரேலியாவிலும் முதியோருக்காக வாதாடும் தேசியத் திட்டத்துக்கு அரசே பணம் கொடுக்கிறது. பராமரிப்பு இல்லங்களைப் பற்றி அங்கே 2018 முதல் 2021 வரை ராயல் கமிஷனே விசாரித்தது.

இங்கே பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடல் வயோ அப்யுதய யோஜனா என்ற பெயரில் முதியோருக்கான மத்திய அரசுத் திட்டங்கள் ஒரே குடைக்குள் வந்திருக்கின்றன. அதன் கீழ் இல்லம் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் உண்டு: சாப்பாடு, மருந்து, வாடகை, ஊழியர் மதிப்பூதியம். மாநிலங்கள் தாங்களே செயல்திட்டம் தீட்டி நிதி கேட்கவும் அதில் இடமிருக்கிறது. தமிழக அரசு அந்த வழியில் முதியோர் குறைதீர்ப்பாளர் என்று ஒரு பதவியைக் கேட்டு வாங்கலாம். காத்திருக்க மனமில்லையென்றால் சொந்த நிதியில் திருச்சியிலேயே தொடங்கலாம்.

அந்தப் பணம் யார் கை வழியாகப் போகிறது என்பதில் கவனம் வேண்டும். இல்லங்களுக்கு மானியம் சிபாரிசு செய்வதும் ஆய்வு செய்வதும் சமூக நலத் துறை. அதே துறைக்குக் கீழே குறைதீர்ப்பாளரையும் வைத்தால், தன் மேலதிகாரி கையெழுத்திட்ட இல்லத்தைப் பற்றி எழுதக் கை கூசும். இல்லங்களிடம் கட்டணம் வசூலித்துச் சம்பளம் கொடுப்பது அதைவிட மோசம். என் யோசனை, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிபதி தலைமையில் இயங்குவது, நிர்வாகத்துக்குக் கட்டுப்படாதது. முதியோருக்கான சட்ட உதவிக்கென்று தேசிய ஆணைக்குழு 2016-லேயே தனித் திட்டம் வகுத்திருக்கிறது. பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்களும் கையில் இருக்கிறார்கள். குறைவது முறையான மாதச் சம்பளம், போக்குவரத்துச் செலவு, முன்னறிவிப்பின்றி எந்த இல்லத்துக்குள்ளும் நுழையும் அதிகாரம். இந்த மூன்றையும் கொடுத்து, ஓய்வுபெற்ற நர்ஸ்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்களை அவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம். திருச்சியில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே கிடையாது.

நல்ல இல்லங்கள் இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. படுக்கைப் புண்ணைக் கழுவி, வாயில் ஊட்டி, பெற்ற பிள்ளை செய்யாததைச் செய்யும் பெண்களை இதே ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் சொற்பம். இரவில் ஒரே ஆள் ஒரு தளம் முழுவதையும் பார்க்க வேண்டியிருந்தால், ஆறு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை என்ற விதி தானாக முளைத்துவிடும். அதை எழுதிப் பதிவு செய்து, இரவுக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பவர் அந்த ஊழியருக்கும் துணைதான்.

அரசு அந்தக் குறைதீர்ப்பாளரை அனுப்பும் வரை குடும்பத்தார் செய்ய வேண்டியது சில உண்டு. சேர்க்கும்போதே, எந்த நேரத்திலும் சொல்லாமல் வருவோம், தனியாகப் பேசுவோம், கைபேசி அவரிடமே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஏ.டி.எம். அட்டையை ஒப்படைக்காதீர்கள். ஞாயிறு காலை விட்டு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். முதுகையும் குதிகாலையும் பாருங்கள், புண் முதலில் அங்கேதான் வரும். என்ன மாத்திரை கொடுக்கிறார்கள், தூக்க மாத்திரை உண்டா, எந்த டாக்டர் எழுதினார் என்று சீட்டை வாங்கிப் படியுங்கள். வெளிநாட்டில் இருந்தால், இதற்கென்று உள்ளூரில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கோயிலுக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கட்டும். பக்கத்துக் கட்டிலில் பார்க்க யாருமே வராதவர் ஒருவர் இருப்பார். அவரிடமும் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். ஏதாவது தப்பாகப் பட்டால் 14567-க்கும் சட்ட உதவிக்கான 15100-க்கும் அழையுங்கள், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.