தொழிலாளர் கைவண்ணத்தில் தொலைநோக்கி

விண்மீன்களை ஆராய்வது கற்றறிந்த அறிஞர்களுக்கே உரிய பணி எனப் பலர் கருதுகின்றனர். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் சிற்றூரின் தொழிலாளர்கள் இக்கருத்தைப் பொய்யாக்கினர்.

1920ஆம் ஆண்டில் ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் அங்கிருந்த இயந்திரத் தொழிற்சாலை ஊழியர்களுக்குத் தொலைநோக்கி செய்யும் முறையைக் கற்பித்தார். விலை மிகுந்த அக்கருவியை அவர்கள் தம் கைகளாலேயே ஆக்கினர்.

தொலைநோக்கியின் உயிர்நாடி குழிந்த கண்ணாடியாகும். இரு கண்ணாடி வட்டுகளுக்கிடையே கடினமான தேய்ப்புத் தூளும் நீரும் இட்டு, மேல்வட்டை முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். நாளடைவில் மேல்வட்டு குழியும், கீழ்வட்டு குவியும். பின்னர் மெருகேற்றுவர்; அக்காலத்தில் அதன்மேல் வெள்ளிப் பூச்சிட்டனர். மேற்பரப்பின் பிழை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. இத்துணை நுண்ணிய பிழையையும் ஒரு விளக்கும் சவர அலகும் கொண்டே கண்டறியலாம். 1858இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ வகுத்த சோதனை இது. வேண்டுவன பொறுமையும் பயிற்சியுமே.

1923இல் இவர்கள் சங்கம் அமைத்தனர். ஊரருகே குன்றின்மீது 'ஸ்டெல்லஃபேன்' என்னும் மனையையும் எழுப்பினர். 1926இல் அங்குத் தொடங்கிய ஆர்வலர் மாநாடு இன்றும் நடைபெறுகின்றது.

இத்தகைய சிறு கருவியே சந்திரனின் பள்ளங்களையும், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களையும், சனியின் வளையத்தையும் காட்டவல்லது. மங்கலான விண்பொருள்களைக் காண, விளக்கொளி இல்லாத இடத்தில் அரைமணி நேரம் இருந்து கண்களை இருளுக்குப் பழக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: தொலைநோக்கியால் கதிரவனை நேரே நோக்கலாகாது. நொடிப்பொழுதில் பார்வை பறிபோகும். சிறுவர் கையில் கருவியைத் தருமுன் பெற்றோர் இதனை அறிவுறுத்துவது கடமையாகும்.