நாட்டம் பின்னரும் வரலாம்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் காலங்களில் மாணவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, 'உனக்கு எதில் நாட்டம்?' என்பதாகும். பதினேழு வயதில் இதற்குத் தெளிவான விடை சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. விடை தெரியாதவர்கள் தங்களிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணி மருகுகின்றனர். வாழ்நாள் பணி என்பது எங்கோ ஒளிந்திருக்கும் புதையல். அதை முதலிலேயே கண்டெடுத்தவரே பேறு பெற்றவர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம்.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் வாழ்க்கை இந்த எண்ணத்தை மறுக்கிறது.

1892-இல் சீர்காழியில் பிறந்த அவர் கணிதம் பயின்றவர். மங்களூரிலும் கோவையிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தவர். ஆசிரியப் பணியே அவருக்கு உவப்பானது. சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவிக்கு ஆள் தேடியபோது அவர் விண்ணப்பித்ததற்கு, நூல்களை ஒழுங்குபடுத்தும் வேட்கை காரணமன்று. ஆசிரியர் ஊதியத்தைவிட அந்தப் பதவிக்குரிய ஊதியம் கூடுதலாக இருந்தது என்பதே காரணம்.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றவருக்குச் சில நாள்களிலேயே அந்தப் பணி கசந்தது. மாணவர் நிறைந்த வகுப்பறையில் பழகியவரால் நூலகத்தின் தனிமையைத் தாங்க இயலவில்லை. பழைய பணிக்கே திரும்ப விரும்பினார். 'லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லையெனில் ஆசிரியப் பணிக்குத் திரும்பலாம்' என்ற ஏற்பாட்டின்பேரில் அவர் கப்பலேறினார்.

லண்டனில்தான் திருப்பம் நேர்ந்தது. அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்த ரங்கநாதனுக்கு, நூலகம் என்பது புத்தகங்களைப் பூட்டி வைக்கும் கிடங்கன்று, எல்லாத் தரப்பு மக்களுக்கும் அறிவைக் கொண்டு சேர்க்கும் அமைப்பு என்பது விளங்கியது. நூல்களை வகைப்படுத்தும் முறைகளில் இருந்த குறைகள் அவருக்குள் இருந்த கணித அறிஞரைத் தூண்டின. ஒரு கடையில், உலோகப் பட்டைகளைத் திருகுகளால் இணைத்துப் பல உருவங்களை ஆக்கும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். நூலின் பொருள், இடம், காலம் ஆகிய கூறுகளையும் அவ்வாறே இணைக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளியான 'கோலன் பகுப்பு முறை'யின் வித்து அதுவே.

1925-இல் திரும்பிய அவர் ஆசிரியப் பணிக்குச் செல்லவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கே தம்மை ஒப்படைத்தார். 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடமாக உள்ளன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நம் ஊர்தோறும் உள்ள கிளை நூலகங்களுக்கு அடித்தளமிட்டது அச்சட்டமே.

இளமையிலேயே நாட்டம் வெளிப்படுவோரும் உண்டு. கணித மேதை ராமானுஜன் அத்தகையவர். பிற பாடங்களில் தோற்றுக் கல்லூரிப் படிப்பை இழந்தபோதும், துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தபோதும் கணிதம் அவரை விடவில்லை. அந்த ராமானுஜனைப் பற்றி நூல் எழுதியவர் ரங்கநாதன் என்பது சுவையான செய்தி. ஒருவர் பணியைத் தேடிச் சென்றார். மற்றவரைப் பணி தேடி வந்தது. இரண்டும் மெய்யான வழிகளே.

எனினும், கிடைத்த வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் நாட்டம் தானே வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ரங்கநாதனுக்கு மூன்று வாய்ப்புகள் அமைந்தன. விரும்பினால் திரும்பிச் செல்ல ஒரு கதவு திறந்திருந்தது. அந்தப் பணியை மிகச் சிறப்பாகச் செய்வோரை நேரில் காண முடிந்தது. ஊர் திரும்பியதும் கற்றதைச் செயற்படுத்தும் உரிமையும் கிட்டியது. இவை மூன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு திறமையாளரும் கடிகாரத்தைப் பார்த்தே பணியாற்றுவார்.

நம் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு இந்த மூன்றுமே மறுக்கப்படுகின்றன. சேர்ந்த படிப்பை மாற்ற நினைத்தால் கட்டிய கட்டணம் தடுக்கிறது. உறவினர் ஏளனம் அதைவிட அழுத்தமாகத் தடுக்கிறது. துறையில் சிறந்தோரைச் சந்திக்கும் வாய்ப்புப் பாடத்திட்டத்தில் அரிது. பணியிடத்திலோ, 'சொன்னதைச் செய்' என்பதே பல மேலாளர்களின் கொள்கை.

ஆகவே, மாணவரிடம் 'உனக்கு எதில் நாட்டம்?' என்று கேட்டு விடைக்காக நெருக்குவதைவிட, இரண்டு மூன்று துறைகளை அருகிருந்து பார்க்க அவருக்கு வழி செய்வது நலம். ஓராண்டு கழித்து மனம் மாறினால் அதைத் தோல்வியாகக் கருதாத பெருந்தன்மை பெற்றோருக்கு வேண்டும். பிடிக்காத வேலையில் இருப்பவரும் அதைத் துறக்குமுன், அதில் தீர்க்கப்படாத சிக்கல் எது, தம்மிடமுள்ள எந்தத் திறன் அதற்கு உதவும் என்று ஒருமுறை ஆராயலாம். விடை கிடைக்காவிடில் விலகுவதில் இழுக்கில்லை.

நூலகத்துக்கு வந்த ரங்கநாதன் தம் கணிதத்தை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. அதை உள்ளே கொண்டுவந்தார். வந்து சேர்ந்த பணி வாழ்நாள் பணியாக மாறியது அதனால்தான்.