மதிலால் பெயர் பெற்ற கடற்கரை

மெக்சிகோ நாட்டின் கீழைக் கடற்கரையில் துலூம் என்னும் பழைய மாயர் நகரின் இடிபாடுகள் உள்ளன. மாயர் மொழியில் அச்சொல்லுக்கு மதில் என்பது பொருள். மூன்று புறம் கல்மதில்; நான்காம் புறம் ஏறத்தாழ 12 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை; அதன் அடியில் கடல். 1518இல் கிரிஹால்வாவின் தலைமையில் அக்கரையோரம் கலத்திற் சென்ற ஸ்பானியர், தம் நாட்டுச் செவில் நகருக்கு நிகரான ஊர் ஒன்றைக் கண்டதாக எழுதிவைத்தனர். அது துலூமே என்பர். இன்று உலகெங்குமிருந்து மக்கள் அங்குச் செல்கின்றனர்.

மதிலால் ஊர் பெயர் பெறுதல் தமிழர்க்குப் புதிதன்று. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணன் முதலில் அடைவது மதிலோடு பொருந்திய பெயரையுடைய ஒரு கடற்பட்டினம். எயில் எனினும் மதில் எனினும் ஒன்றே. ஆதலின் அதனை எயிற்பட்டினம் என்றனர். மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையில் அது இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. புலவரின் இடைக்கழிநாடு இன்றும் பேரூராட்சி ஒன்றன் பெயராக வழங்குகின்றது. கழிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நிலத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமையாது.

அந்நிலத்தில், கடப்பாக்கத்தை அடுத்து, ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கின்றது. இதனை எயிற்பட்டினத்தின் எச்சம் எனக் கருதுதல் பொருந்தாது; இரண்டிற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த இக்கோட்டை ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலிகான் வசம் இருந்தது. நாணயச்சாலையும் இங்கு இயங்கியது. 1740இல் மராத்தியரோடு நிகழ்ந்த போரில் நவாபு உயிர்நீத்தார். பின்னர், 1750இல், தமக்குத் துணைநின்ற பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு முசாபர் ஜங் இதனை வழங்கினார். பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. 1760 சனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அவ்வாண்டிலேயே ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றி இடித்தனர். பகைவர்க்கு மீண்டும் பயன்படலாகாது என்பதே இடித்ததன் நோக்கம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஆலம்பரை என்னும் பெயர் பலகால் வருகின்றது. வரலாற்று மாணவரைவிடத் தமிழ் மாணவரே அந்நாட்குறிப்பை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது எம் கருத்து. அக்காலப் பேச்சுத் தமிழை அங்குக் காணலாம்.

எம் மாணவருள் பலர், படிப்பு முடிந்ததும் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள தொழிற்சாலைகளில் பணிக்குச் சேர்கின்றனர். அவர்கள் கையால் உருவாகும் ஊர்திகள் எண்ணூர் வழியே கடல் கடக்கின்றன. கழிமுகத்துச் சிறு துறைகள் இத்தொழிலைச் செய்த காலமும் ஒன்று இருந்தது என்பதை ஆலம்பரை கண்முன் காட்டும். ஒரகடத்திலிருந்து செங்கற்பட்டு, மதுராந்தகம், செய்யூர் வழியாக ஒரே நாளில் சென்று மீளலாம்.

ஆயினும் செல்வோர் சிலரே. நவாபு காலத்துப் பெருமையை மேடையில் முழங்கும் நம்மவருள், இம்மதிலை நேரிற் கண்டவர் எத்தனை பேர்? மாணவியரை அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர். ஆசிரியைகள் உடன்வருவர் என்று உறுதி கூறிய பின்னரே இசைகின்றனர். அத்தயக்கத்தை யாம் குறைகூறவில்லை. ஆனால், பாட்டில் கழியையும் நெய்தலையும் படிக்கும் மாணவி, கழியை ஒருமுறையேனும் காண வேண்டாமா?

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இக்கோட்டையைத் தாக்கியது. உப்புக்காற்று சுண்ணாம்பை அரிக்கின்றது; வருவோர் தம் பெயரைச் சுவரிற் கீறிச் செல்கின்றனர். காற்றைத் தடுக்க இயலாது. கீறும் கையைத் தடுக்கலாம். வெயில் ஏறுமுன் சென்றால் மதில்மேல் நின்று கழிமுகம் முழுவதையும் காணலாம். விரிசல் கண்ட பகுதிகளில் ஏறுதல் ஆகாது. குடிநீரும் உணவும் உடன்கொண்டு செல்வது நலம். சிறுபாணாற்றுப்படை நூலையும் கையோடு எடுத்துச் செல்க.