திரைக்குப் பின்னால் ஓர் அசரீரி

மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவரும் ஆயுளில் ஒரு தடவையாவது முகத்தில் அரிதாரம் பூசிக்கொள்ள வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். பிற்காலத்தில் வக்கீலாகவோ, மந்திரியாகவோ, மாப்பிள்ளையாகவோ ஆகிறவர்களுக்கு வேஷம் போடும் பாக்கியம் தானாகவே கிட்டிவிடுகிறது. நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு உள்ள ஒரே சந்தர்ப்பம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாத்தான். அதையும் நழுவ விட்டவர்களுக்காக மனப்பூர்வமாக அநுதாபப்படுகிறோம்.

நமக்கு அந்தச் சந்தர்ப்பம் 1990-ஆம் வருஷத்தில், பத்தாவது வயதில் கிட்டியது. ஊர் இராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி 1856-ஆம் வருஷத்தில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு வெகு சமீபத்தில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டி வந்தால் உபாத்தியாயர் பாடத்தை நிறுத்திக்கொள்வார். வண்டி போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நீளமான வண்டிகளை நாங்கள் எவ்வளவு பக்தி சிரத்தையுடன் எதிர்பார்த்திருப்போம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சரக்கு வண்டிக்கு நமது கதையிலும் ஒரு பாத்திரம் உண்டு. ஆகையால்தான் அதை முதலிலேயே அறிமுகம் செய்து வைத்தோம்.

அவ்வருஷத்து விழாவில் நாடகம் போடுவதென்று தமிழ் டீச்சர் அம்மாள் தீர்மானித்தார். "எந்த தேசத்து ராஜா கதையோ நமக்கு எதற்கு? பக்கத்து ஊர் எண்ணெய் வியாபாரி கதையே போதும்" என்றார். அவர் கருதியது கலிய நாயனார் சரித்திரம். சேக்கிழார் பாடிய அறுபத்துமூவரில் ஒருவரான கலியர், இராயபுரத்துக்கு வடக்கே சில மைல் தூரத்திலுள்ள திருவொற்றியூரில், சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த எண்ணெய் வணிகர். ஒற்றியூர்க் கோயிலில் இரவும் பகலும் விளக்கேற்றுவதே அவருடைய தொண்டு. செல்வம் கரைந்தது. பிறரிடம் எண்ணெய் வாங்கிக் கூலிக்கு விற்றார், பிறகு கூலிக்குச் செக்கு ஓட்டினார், வீட்டை விற்றார். மனைவியையே விற்க முயன்றும் வாங்குவாரில்லை. எண்ணெய்க்கு வேறு வழியில்லாமற் போகவே, தம் கழுத்தை அரிந்து உதிரத்தால் விளக்கை எரிக்கத் துணிந்தார். அப்போது இறைவன் அவருடைய கையைப் பிடித்துத் தடுத்து ஆட்கொண்டான் என்பது புராணம்.

மனைவியை விற்கும் கட்டத்தை மட்டும் டீச்சர் அம்மாள் நீக்கிவிட்டார். காரணம் கேட்டோம். "முன்வரிசையில் உங்கள் தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாங்குவாரில்லை என்று சொன்னால் சும்மா விடுவார்களா?" என்றார்.

கலியர் வேஷம் நமக்குக் கிடைத்தது. நடிப்புத் திறமையைக் கண்டு கொடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். வகுப்பிலேயே உரத்த குரல் நம்முடையது, அவ்வளவுதான். நாடகம் முழுவதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டிருந்தவன் வேறொருவன். நமக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் பாவம், அவனுக்குத் திக்குவாய். தன் பெயரைச் சொல்லி முடிக்கவே அரை நிமிஷம் பிடிக்கும். ஆஜர் எடுக்கும்போது "உள்ளேன்" என்று சொல்ல முடியாமல் கையை மட்டும் உயர்த்துவான். பையன்கள் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருக்கிறோம்.

அவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார் டீச்சர் அம்மாள். அதில் ஒரு சூக்ஷ்மம் இருந்தது. இரகசியக் குரலில் பேசும்போது அவனுக்குத் திக்குவதே இல்லை! திக்கிப் பேசுகிறவர்களில் பலருக்குப் பாடும்போதும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலாக வாசிக்கும்போதும், காதோடு காதாகப் பேசும்போதும் திக்கல் விலகிவிடுவதுண்டு என்பதை வைத்திய நூல்களில் பிற்காலத்தில்தான் படித்தோம். அந்த அம்மாள் எந்த நூலையும் பார்க்காமலே அதைக் கண்டுகொண்டிருந்தார்.

ஒரு மாத காலம் ஒத்திகை நடந்தது. பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டினால் மேடை; இரண்டு போர்வைகளைத் தைத்தால் படுதா. கரியினால் மீசை. சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித் தாளை அட்டையில் ஒட்டினால் கத்தி. குங்குமம் கரைத்த நீர் உதிரம். அகல் விளக்குகள் மட்டும் நிஜமானவை, எண்ணெயும் நிஜம். நம் அன்னை தம் சமையலறைப் புட்டியிலிருந்து கொடுத்தனுப்பினார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் அப்பளம் பொரிக்கவில்லை. கலியர் தொண்டில் அவருக்கும் பங்குண்டு.

விழா நாளன்று மாலை, துறைமுகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நம் தகப்பனார்கூட ஒரு மணி முன்னதாக அநுமதி பெற்று வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார். முதல் மூன்று காட்சிகளும் வெகு சிறப்பாக நடந்தன. நான்காவது காட்சி. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கத்தியைக் கையிலெடுத்துக்கொண்டு நாம், "எண்ணெய் தீர்ந்தால் என்ன? என் உடம்பில் உதிரம் இருக்கிறதே!" என்று முழங்க வேண்டும்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வசனம் முழுவதும் மறந்துபோயிற்று. மூன்றாவது வரிசையில் தகப்பனாரின் முகம் மட்டும் மிகவும் பெரிதாகத் தெரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து நண்பன் மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தான். கேட்கவில்லை, சரக்கு வண்டி வந்துவிட்டது! அவன் மறுபடியும் சொன்னான். வண்டி போய்க்கொண்டேயிருந்தது. வகுப்பில் உட்கார்ந்து எவ்வளவு நீளமான வண்டி வர வேண்டுமென்று பிரார்த்தித்திருந்தோமோ, அவ்வளவு நீளமான வண்டி அன்றுதான் வந்தது. சபையில் சலசலப்பு ஏற்பட்டது. யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் எழுந்தது. உரத்த குரல், தங்கு தடையற்ற குரல்.

"கலியா! எண்ணெய் தீர்ந்தால் என்ன? உன் உடம்பில் உதிரம் இல்லையா?"

சபை நிசப்தமாயிற்று. அடுத்த கணமே கைதட்டல் வானைப் பிளந்தது. ஆகாசத்திலிருந்து அசரீரி பேசியதாகவே எல்லோரும் நினைத்தார்கள். நமக்கும் நினைவு வந்தது. எஞ்சிய வசனத்தைப் பேசிக் கழுத்தில் கத்தியை வைத்தோம். பரமசிவன் வேஷதாரி ஓடி வந்து கையைப் பிடித்தான். நாடகம் பிழைத்தது.

நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வசனத்தை அப்படியே உரக்கச் சொல்லியிருந்தால், கதாநாயகன் விழிக்கிறான் என்பது ஊருக்கெல்லாம் வெளிச்சமாகியிருக்கும். "என்" என்பதை "உன்" என்று மாற்றியதனால் மறதி அசரீரியாயிற்று. பத்து வயதுப் பிள்ளை, பேசவே அஞ்சுகிற பிள்ளை, கண்ணிமைக்கும் நேரத்தில் செய்த காரியம் அது.

விழாத் தலைவர் நமக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பரிசளித்தார். "புராணத்தில் இல்லாத அசரீரி பிரமாதம்! அது யார் குரல் தம்பி?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். உண்மையைச் சொன்னால் வசனம் மறந்தது வெளியாகிவிடுமே! தகப்பனார் கேட்டுக்கொண்டிருக்கிறாரே! சற்றும் யோசியாமல், "டேப் ரிக்கார்டர், ஐயா" என்றோம்.

நண்பன் படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் காதில் அது விழுந்தது என்பது நமக்குத் தெரியும். மறுநாளும் பக்கத்தில்தான் உட்கார்ந்தான், ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு படகுக்குப் போய்விட்டான்.

பிற்காலத்தில் நாமும் உபாத்தியாயராகித் தமிழ் நாடக மேடையின் சரித்திரத்தைப் படித்தபோது, நம் கண்ணில் முக்கியமாகப் பட்டவர்கள் திரைக்குப் பின்னால் நின்றவர்களே. சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் நடிகராகத்தான் இருந்தார். அவருடைய பயங்கரமான வேஷத்தைக் கண்டு ஒரு பெண் அஞ்சி உயிர் விட்டாளென்றும், அதன் பிறகு வேஷம் கட்டுவதையே அவர் விட்டுவிட்டாரென்றும் சொல்வதுண்டு. 1922-ஆம் வருஷத்தில் காலமாகும் வரையில் அவர் நாடகங்களை எழுதிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் ஆறு வயதில் வந்து சேர்ந்த டி. கே. சண்முகத்துக்காக "அபிமன்யு சுந்தரி" நாடகத்தை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தாராம். எந்தக் குழந்தையின் வாயில் எந்தச் சொல் பொருந்தும் என்று அறிந்திருந்த ஆசிரியர் அவர்.

மேடையின் மகிமை இன்னொரு விதத்திலும் நமக்கு விளங்கிற்று. நம் தேசமே ஒரு காலத்தில் திக்கிக்கொண்டுதான் இருந்தது. நாடகங்களை அடக்குவதற்கென்றே 1876-ஆம் வருஷத்தில் ஆங்கில சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அந்தக் காலத்தில் விசுவநாததாஸ் முருகக் கடவுள் வேஷத்தில் மேடையேறித் தேசபக்திப் பாடல்களைப் பாடினார். பல தடவை சிறை புகுந்தார். 1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில், அதே வேஷத்தில் மேடைமீதே உயிர் நீத்தார். சொந்த வாயால் பேச முடியாததை வேஷத்தின் வாயால் பேசலாம். தேசத்துக்கு எது உண்மையோ அதுவே ஒரு சிறு பிள்ளைக்கும் உண்மை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் காசிமேட்டுத் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். படகுகள் வந்து சேர்ந்து, ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கூடைகளுக்கு நடுவில் நின்று ஒருவர் ராகம் போட்டாற்போல் விலை கூவிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் தட்டவில்லை. மடை திறந்தாற்போல் வந்தது. எங்கேயோ கேட்ட குரல்! அருகில் சென்றோம். ஏலம் முடிந்ததும் அவர் நம்மை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"இ-இன்னா கலியா, சௌக்கியமா?"

அவனேதான். தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று, முப்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் சிக்கியிருந்த முள்ளை எடுத்தோம். "அன்றைக்கு நான் பொய் சொன்னேன், உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்" என்றோம். அவன் தேநீரை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்:

"வி-விடுபா. டேப் ரிக்கார்டரு தி-திக்காது. அத்தினி பேரும் நீ சொன்னத ந-நம்பினாங்க இல்ல? அப்ப நானு திக்கலேன்னு தானே அர்த்தம்? அத நெனச்சிக்கினேதான் இங்க வந்து மொத மொத ஏ-ஏலம் கூவினேன்."

அவன் மன்னித்துவிட்டான். ஆனாலும் நமது கணக்குத் தீர்ந்ததாக நாம் கருதவில்லை. அன்று அவன் பெயர் மட்டும் சபையில் சொல்லப்பட்டிருந்தால், எட்டாம் வகுப்போடு நின்றிருப்பானா என்ற கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.

இக்காலத்து ஆண்டு விழாக்களைப் பார்க்கிறபோது இன்னொரு கவலையும் உண்டாகிறது. நாம் சொன்ன பொய்யே பல இடங்களில் மெய்யாகிவிட்டது! சினிமாப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறார்கள்; குழந்தைகள் வாயை அசைத்து ஆடுகிறார்கள். ஆட்டம் அழகாகத்தான் இருக்கிறது. பெற்றோர்களும் கைப்பேசியில் படம் பிடித்து மகிழ்கிறார்கள். ஆனால் மேடையில் ஒரு குழந்தையின் குரலாவது கேட்கிறதா? மறந்துபோகும் சந்தர்ப்பமில்லாத இடத்தில், எடுத்துக் கொடுக்கும் தோழனுக்கு என்ன வேலை?

ஆகவே நாம் பணியாற்றும் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளியில் சென்ற ஆண்டு கலிய நாயனார் நாடகத்தையே மறுபடியும் போட்டோம். வகுப்பில் வாய் திறவாத ஒரு சிறுமியை வசனம் எடுத்துக் கொடுக்க வைத்தோம். நான்காவது காட்சியில் அசரீரி உண்டு. அதை அவளே பேச வேண்டும். முன்வரிசையில் நம் நண்பன் வந்து உட்கார்ந்திருந்தான். சிறுமியின் குரல் முதலில் நடுங்கிற்று, பிறகு எழுந்தது.

நாடகம் முடிந்ததும் வேஷதாரிகளை ஒவ்வொருவராக அழைத்தோம். முதலில் அழைத்தது கலியரையல்ல, சிவபெருமானையுமல்ல. படுதாவை விலக்கி, அந்தச் சிறுமியைக் கையைப் பிடித்து முன்னே அழைத்து வந்து, அவள் பெயரைச் சபையில் உரக்கச் சொன்னோம். நமது உரத்த குரலுக்கு அன்றுதான் ஒரு பிரயோசனம் ஏற்பட்டது.